நோட்பேடில் எழுதும் கட்டளைச் சீட்டு

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றினுள் கால் வைத்தவர்கள் அறிவார்கள்: பஞ்சுப் பொதி புளோரூமில் பிரிபட்டு, கார்டிங்கில் வாரப்பட்டு, டிராயிங்கில் இழுபட்டு, சிம்ப்ளெக்ஸில் தளர்ந்த திரியாகி, ஸ்பின்னிங்கில் முறுக்கேறி நூலாகி, கோனில் சுற்றப்பட்டு வெளியே வரும் வரையில், அடுத்தது என்ன என்று எந்த யந்திரத்தின் முன்னும் எவரும் நின்று யோசிப்பதில்லை. கிரமம் ஒரு முறை வகுக்கப்பட்டுவிட்டது. பிறகு அது தன் போக்கில் நடக்கிறது. 1936-ஆம் ஆண்டில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தோற்றுவித்த காலந்தொட்டு, அவ்வூரில் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கிரமத்தை நம்பியே ஜீவித்து வருகின்றன. அப்படிப்பட்ட ஊரிலும், பேருந்தில் அரைமணி நேரத் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும், வீட்டு மேஜைமேல் இருக்கும் கணினியின் முன் உட்கார்ந்தவுடன் மட்டும் மக்கள் இந்த ஞானத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, இதைத் திற, அதை இழு, இங்கே போடு, பெயரை மாற்று, மூடு என்று ஒரே வேலையை நாள்தோறும் கையாலேயே செய்துகொண்டிருப்பதைக் காணும்போது, என் மனத்தில் வருத்தமே மிகுகிறது. அந்த வேலையை ஒரு சீட்டில் வரிசையாக எழுதிக் கணினியிடமே கொடுத்துவிடலாம் என்பதும், அதற்குத் தனியே ஒரு ரூபாயும் செலவில்லை என்பதும், எழுதுவதற்கான சாதனம் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் முன்னரே இருக்கிறது என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தச் சீட்டுக்குத்தான் பேட்ச் ஃபைல் என்று பெயர். இக்கட்டுரையில் பேட்ச் கோப்பு என்றே குறிப்பிடுகிறேன். அது சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டளை இருக்கும். அதன்மேல் இரு முறை சொடுக்கினால், கணினி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிவிட்டு நின்றுகொள்ளும். வேறு எந்த ரகசியமும் இதில் இல்லை.

இதன் பூர்வோத்தரத்தைப் பார்த்தால், நெசவுக்கும் இதற்கும் உள்ள உறவு தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார் என்பவர் பட்டுத் தறியில் பூவேலைக்குரிய இழைகளைத் தேர்ந்தெடுக்கத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். அதே துளையட்டை உபாயத்தை 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் எண்ணிக்கைக்குப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய தொழிலே பிற்காலத்தில் ஐ.பி.எம். நிறுவனமாக வளர்ந்தது. அறைமுழுதும் நிறைந்த பெரிய கணினிகளின் காலத்தில், வேலை கொடுப்பவர் தம் அட்டைக் கட்டை ஜன்னல் வழியே நீட்டிவிட்டுச் செல்வார். இயக்குபவர் பலருடைய கட்டுகளையும் ஒன்றுசேர்த்து ஒரே தொகுதியாக யந்திரத்தில் ஓட்டுவார். அச்சான தாள் மறுநாள் வந்து சேரும். 1956-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் ஐ.பி.எம். 704 என்ற கணினிக்காக உருவாக்கிய அமைப்பு, இந்தத் தொகுதிகளை மனிதர் கையை எதிர்பாராமல் தானே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி செய்தது. நம் நாட்டிலும், 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 கணினி வந்தபோது, அங்கே பயின்ற மாணவர்கள் அட்டைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றவர்களே.

பிறகு மேஜைக் கணினி வந்தது. 1970-களில் கேரி கில்டால் எழுதிய சி.பி.எம். என்ற இயக்கமுறையில் கட்டளைகளைக் கோப்பாகச் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதனுடன் வந்த டாஸ் என்ற இயக்கமுறையிலும் பேட்ச் கோப்பு இடம்பெற்றது. கணினியைத் தட்டி எழுப்பியவுடன் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் என்ற கோப்பை, தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஃப்ளாப்பியும் கையுமாகப் பயின்றவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விண்டோஸ் வந்து, படங்களைச் சொடுக்கி வேலை செய்யும் பழக்கம் பரவியபின், கட்டளை எழுதும் வித்தை நிபுணர்களுக்கே உரியது என்ற அபிப்பிராயம் சாமான்யர்களிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் நாற்பதாண்டுகளுக்கும் மேலாகியும் அந்தக் கோப்பு முறை அழியவில்லை. இன்று புதிதாக வாங்கும் விண்டோஸ் 11 கணினியிலும் அது அப்படியே வேலை செய்கிறது.

ராஜபாளையத்தின் மில் குடும்பத்திலிருந்தே ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் தோன்றி, பெரிய ஸ்தாபனங்களின் கணக்கையும் சரக்கையும் சம்பளத்தையும் நிர்வகிக்கும் நிரல்களைப் பல தேசங்களுக்கும் விற்றுவருகிறது. அந்தத் தரத்து மென்பொருளைச் சத்திரப்பட்டியில் சில பவர்லூம்களை வைத்துக்கொண்டு பேண்டேஜ் துணி நெய்பவரோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிண்டுபவரோ வாங்க முடியாது. வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. அவர்களுக்கு வேண்டியவை சின்னஞ்சிறு சௌகரியங்கள்: இந்த மாதத்து பில்கள் ஓரிடத்தில் சேரவேண்டும், பிள்ளையின் கல்யாணப் புகைப்படங்கள் வட்டு பழுதானால் போய்விடக் கூடாது, ஆடிட்டர் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கவேண்டும். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, இவ்விரு ஊர்களின் எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கணினி அந்த வழியாகவே நுழைந்தது. பையன் வேலைக்குப் போனபின் அதுவே வீட்டுக் கணக்குக் கணினியாயிற்று. அத்தகைய வீடுகளை மனத்தில் கொண்டே மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதல் கோப்பை எப்படி எழுதுவது? நோட்பேடைத் திறந்துகொள்ளுங்கள். கட்டளைச் சொற்கள் யாவும் ஆங்கில எழுத்தில் தட்டப்பட வேண்டியவை. இங்கே அவற்றின் ஒலியை மட்டும் தமிழில் தருகிறேன். முதல் வரியில், மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்தச் சுழித்த குறியை இட்டு, இடைவெளி விடாமல் 'எக்கோ' என்றும், ஓர் இடம் விட்டு 'ஆஃப்' என்றும் எழுதவேண்டும். இதை எழுதாவிட்டால் கணினி ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றுமுன் திரையில் உரக்கப் படித்துக் காட்டும். எழுதினால் மௌனமாகக் காரியத்தைப் பார்க்கும். முன்னால் இட்ட சுழிக்குறி, இந்த முதல் வரியையுமே காட்டாமல் மறைக்கிறது. அடுத்த வரியில் 'எக்கோ' என்று எழுதி அதன்பின் நாம் விரும்பும் ஒரு வாக்கியத்தை எழுதினால், அந்த வாக்கியம் திரையில் தோன்றும். கடைசி வரியில் 'பாஸ்' என்று எழுதினால், ஏதேனும் ஒரு விசையை அழுத்தும்வரை சாளரம் மூடாமல் காத்திருக்கும். முதன்முதலில் முயல்பவர்கள் இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு, கறுப்புச் சாளரம் மின்னல்போல் தோன்றி மறைவதைக் கண்டு, ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறார்கள். கெடவில்லை, வேலை முடிந்துவிட்டது, அவ்வளவே.

சேமிக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். நோட்பேடு தன் சுபாவப்படி எல்லாக் கோப்புகளுக்கும் கடைசியில் 'டாட் டெக்ஸ்ட்' என்ற வாலை ஒட்டிவிடும். ஆகவே 'சேவ் ஆஸ்' பெட்டியில், கோப்பு வகை என்ற இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்துகொண்டு, பெயரின் இறுதியில் 'டாட் பேட்' என்று நாமே எழுதவேண்டும். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் வாலை மறைத்துவைப்பதால், பேட் என்று நினைத்துச் சேமித்தது உள்ளுக்குள் டெக்ஸ்டாகவே இருந்து ஏமாற்றுவதுண்டு. கோப்பு உலாவியின் 'வியூ' பகுதியில் வால்களைக் காட்டச் சொல்லிவிட்டால் இந்தச் சந்தேகம் என்றைக்கும் இராது. பெயர் வைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏற்கெனவே உள்ள ஒரு கட்டளையின் பெயரை நம் கோப்புக்குச் சூட்டக் கூடாது. உதாரணமாக, ரோபோகாப்பி என்ற கட்டளையை அழைக்கும் கோப்புக்கு ரோபோகாப்பி என்றே பெயர் வைத்தால், அது கட்டளையை அழைப்பதாக எண்ணித் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டு முடிவில்லாமல் சுழலும். அப்போது கன்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தி நிறுத்தவேண்டியதுதான்.

இனி உருப்படியான ஒரு காரியம். நம் நாட்டின் கணக்காண்டு ஏப்ரல் 1-இல் பிறக்கிறது. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் அமலானபின், மாதந்தோறும் தாக்கல் செய்யும் வியாபாரி விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், சுருக்க அறிக்கையை 20-ஆம் தேதிக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். எனவே மாதவாரியாக பில்களைப் பிரித்துவைப்பது கட்டாயமாகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு உறைகளைக் கையால் திறந்து பெயரிடுவதற்குப் பதிலாக, கணினிக் கோப்புறையை உண்டாக்கும் 'எம்டி' என்ற கட்டளையைப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிடலாம். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மாதத்தின் பெயர். இன்னும் சுருக்கமாக வேண்டுவோர் 'ஃபார்' என்ற கட்டளையைக் கற்கலாம்: அடைப்புக்குறிக்குள் பன்னிரண்டு பெயர்களையும் வரிசையாகக் கொடுத்துவிட்டு, இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய் என்று ஒரே வரியில் ஆணையிடுவது அதன் வேலை. அந்த வரியில் ஒவ்வொரு பெயருக்கும் பதிலாக நிற்கும் மாறி என்ற எழுத்துக்கு முன்னால் விழுக்காட்டுக் குறியை இரண்டு முறை இடவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் இட்டால் வேலை நடக்காது. மாதப் பெயர்களுக்கு முன்னால் 01-ஏப்ரல், 02-மே என்று எண்ணிட்டு 12-மார்ச் வரை கொண்டுபோவது உத்தமம். எண்ணில்லாவிட்டால் கணினி அகரவரிசைப்படி அக்டோபரை முதலிலும் ஆகஸ்டை அடுத்தும் நிறுத்திவிடும். கணக்கு பார்ப்பவருக்கு அது உபயோகப்படாது.

கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வைக்கலாம், வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கட்சி. வீட்டிலுள்ள பெரியவர்களும் தாய்மார்களும் படித்தறியக்கூடிய பெயர் இருந்தால்தான் அந்தக் கணினி வீட்டாருக்குச் சொந்தமாகிறது. டாஸ் காலத்தில் இது நடவாத காரியம். எட்டு ஆங்கில எழுத்துக்குள் பெயரை நெருக்கிச் சுருக்கவேண்டியிருந்தது. தமிழ் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கிய யூனிகோடு முறை 1991-இல் வந்து, விண்டோஸ் 2000 முதல் இயக்கமுறைக்குள்ளேயே தமிழுக்கு ஆதரவு கிடைத்தபின், கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயரிடுவது எளிதாயிற்று. ஆயினும் பேட்ச் கோப்பைப் படிக்கும் கட்டளைச் சாளரம் பழைய சம்பிரதாயங்களை முழுதும் விட்டுவிடவில்லை. நாம் தமிழில் எழுதிய பெயரை அது வேறு எழுத்துமுறையாகப் படித்து, பொருளற்ற குறிகளாலான ஒரு கோப்புறையை உண்டாக்கிவிடும். இதற்குப் பரிகாரம் ஒரே வரிதான்: எக்கோ ஆஃப் வரிக்கு அடுத்து, 'சிஎச்சிபி' என்ற நான்கெழுத்துக் கட்டளையையும், ஓர் இடம் விட்டு 65001 என்ற எண்ணையும் எழுதவேண்டும். இனி வருவதெல்லாம் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் உள்ளது என்று அந்த எண் அறிவிக்கிறது.

அத்துடன் கோப்பையும் அதே யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கவேண்டும். விண்டோஸ் 10-இன் 2019-ஆம் ஆண்டு மே மாதப் பதிப்பிலிருந்து நோட்பேடு இம்முறையையே இயல்பாகக் கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய நோட்பேடு, யூடிஎஃப்-8 என்று சொன்னால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தையும் சேர்த்துவிடும். அது முதல் வரியைக் கெடுக்கும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் முதல் வரியை வெறுமையாக விட்டு இரண்டாம் வரியிலிருந்து தொடங்கினால், ஒரு பிழைச் செய்தி தோன்றினாலும் மற்றவை ஒழுங்காக நடக்கும். இவ்வளவும் செய்தபின் கறுப்புச் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் பிரிந்தோ தெரியலாம். கவலைப்படவேண்டாம், அது அந்தச் சாளரத்தின் எழுத்துருக் குறை. கோப்பு உலாவியைத் திறந்து பார்த்தால் '01-ஏப்ரல்' அழகாகவே நிற்கும். தமிழ் படிப்பவர்களுக்கென்று ஆங்கிலப் பாடநூல்கள் இந்த விஷயத்தைச் சொல்வதில்லை என்பதால் சற்று விரித்தே சொன்னேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நகலெடுப்பு. இதற்குக் 'காப்பி' என்ற பழைய கட்டளை இருப்பினும், வீட்டுக்கு உகந்தது 'ரோபோகாப்பி'. எதிலிருந்து, எதற்கு என்று இரண்டு இடங்களை அதற்குச் சொல்லி, இறுதியில் சாய்கோடும் ஈ என்ற எழுத்தும் இட்டால், உள்ளேயுள்ள கோப்புறைகள் அனைத்தையும் சேர்த்து நகலெடுக்கும். அதிலும் முன்பே நகலாகி மாறாமல் இருப்பவற்றை விட்டுவிட்டு, புதியவற்றையும் மாறியவற்றையும் மட்டும் எடுத்துக்கொள்வதால், முதல் நாள் ஒரு மணி நேரம் பிடித்த வேலை மறுநாள் சில நொடிகளில் முடிந்துவிடும். பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் அடைக்கவேண்டும். இல்லையேல் கணினி இடைவெளியில் பெயர் முடிந்ததாகக் கருதிவிடும். டாலி முதலிய கணக்கு நிரல் திறந்திருக்கும்போது அதன் கோப்புகள் பூட்டப்பட்டிருக்கக்கூடும். அத்தகைய கோப்பைக் கண்டால் ரோபோகாப்பி முப்பது நொடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும்படி இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது! ஆதலால் ஆர் என்ற குறிப்பில் 2 என்றும், டபிள்யூ என்ற குறிப்பில் 5 என்றும் கொடுத்து, இரண்டே முறை, ஐந்து நொடி இடைவெளியில் மறுமுயற்சி செய்தால் போதும் என்று கட்டுப்படுத்துவது நல்லது.

வெளி வட்டைச் செருகும்போது ஒரு நாள் ஈ என்றும் மறுநாள் எஃப் என்றும் அதன் எழுத்து மாறும். இதற்கு ஓர் அருமையான உபாயம் உண்டு. பேட்ச் கோப்பை அந்த வட்டிலேயே வைத்துவிட்டு, நகல் போய்ச் சேரவேண்டிய இடத்தை எழுதுமிடத்தில் விழுக்காட்டுக் குறி, அலைக்குறி, டி, பி, பூஜ்யம் ஆகிய ஐந்தையும் இடைவெளியின்றி எழுதினால், இந்தக் கோப்பு எங்கே இருக்கிறதோ அந்த இடம் என்று கணினி பொருள் கொள்ளும். வட்டுக்கு எந்த எழுத்து வந்தாலும் பிறகு நமக்குக் கவலையில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் தயாரிக்கும் ஒருவர் வீட்டில் நான் கேட்ட சம்பாஷணை ஒன்று இவ்விடத்தில் சொல்லத்தக்கது. அவர் ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய பில் பட்டியலைப் பெயர் மாற்றி, பென் டிரைவில் ஏற்றி, பழையதை வேறொரு கோப்புறையில் தள்ளிவிட்டுத்தான் படுக்கப்போவார். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய அக்காள் மகள் இரண்டு நாள் இதைக் கவனித்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன மாமா, தினமும் இதையேவா செய்றீங்க?"

"வேற என்னம்மா செய்ய? ஒரு நாள் விட்டாலும் ஆடிட்டர் முன்னால முழிக்கணும்."

"நீங்க செய்றதை வரிசையா வாயால சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

அவர் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது வாக்கியத்திலேயே தயங்கினார். பெயரை மாற்றியபின் ஏற்றுகிறாரா, ஏற்றியபின் மாற்றுகிறாரா? பழையதைத் தள்ளுவது எல்லா நாளுமா, சனிக்கிழமை மட்டுமா? "ஒரு நாளைக்கு ஒரு மாதிரில்ல செஞ்சிட்டு இருந்திருக்கேன்" என்று அவரே வியந்து, பிறகு எது சரி என்று யோசித்து, அரைமணி நேரத்தில் ஒரு கிரமத்தை வகுத்துச் சொன்னார். அந்தப் பெண் அதை ஒன்பது வரிகளில் எழுதி முடித்தாள். இந்த வித்தையின் பெரிய பிரயோஜனம் எது என்று என்னைக் கேட்டால், மிச்சமாகும் நேரத்தைக்கூட இரண்டாவதாகவே சொல்வேன். தம் வேலையின் உண்மையான வரிசை என்ன என்பதைத் தாமே முதன்முறையாகத் தெளிந்துகொள்ள நேர்வதுதான் பெரிது. கணினி ஊகித்துக்கொள்ளாது, ஊகத்துக்கு இடம் வைக்காமல் சொல்லப் பழகுவது எந்தத் தொழிலுக்கும் நல்ல அப்பியாசம்.

பெயரில் தேதியைச் சேர்க்கும் இடத்தில் அந்தப் பெண் சிறிது திணறினாள். விழுக்காட்டுக் குறிகளுக்கிடையே 'டேட்' என்று எழுதினால் அன்றைய தேதி வந்து அமரும். ஆனால் அவர்கள் கணினியில் தேதியின் நடுவே சாய்கோடு வருமாறு அமைத்திருந்தார்கள், கோப்பின் பெயரிலோ சாய்கோட்டுக்கு அனுமதியில்லை. டேட் என்பதற்குப் பின் ஒரு முக்காற்புள்ளியும், சாய்கோடும், சமக்குறியும், சிறுகோடும் அடுத்தடுத்து எழுதிவிட்டால், சாய்கோடு வரும் இடமெல்லாம் சிறுகோடு வந்துவிடும். இந்திய ஆங்கில அமைப்பிலுள்ள கணினிகளில் பெரும்பாலும் சிறுகோடே இயல்பாக இருப்பதால் இந்தத் தொல்லை எல்லோருக்கும் வராது.

அபாயங்களையும் சொல்லியாக வேண்டும். 'டெல்' என்ற கட்டளையால் அழிக்கப்பட்ட கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, நேரே மறைந்துவிடும். 'ஆர்டி' என்பது கோப்புறையையே நீக்கும். அதனுடன் எஸ், கியூ என்ற குறிப்புகள் சேர்ந்தால் உள்ளிருப்பவை அனைத்தையும் ஒரு கேள்விகூடக் கேளாமல் நீக்கும். ரோபோகாப்பியிலுள்ள 'மிர்' என்ற குறிப்பு மூலத்தையும் நகலையும் கண்ணாடிபோல் ஒன்றாக்கும். அதாவது மூலத்தில் இல்லாதது நகலில் இருந்தால் அழித்துவிடும். எதிலிருந்து, எதற்கு என்பதை மாற்றி எழுதிவிட்டால், வெறுமையான வட்டைப் பார்த்து நிறைந்த வட்டை வெறுமையாக்கும் விபரீதம் நேரும். ஆகவே பழகும் காலத்தில் இம்மூன்றையும் தொடாமலிருப்பதே புத்திசாலித்தனம். எந்தக் கட்டளையையும் முதலில் ஒரு தனிக் கோப்புறையில் நாலைந்து வீண் கோப்புகளை வைத்துச் சோதித்துவிட்டே, மெய்யான கணக்கின்மேல் ஏவவேண்டும். 'ரெம்' என்று தொடங்கும் வரியைக் கணினி கண்டுகொள்வதில்லை; அதனால் ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே அது எதற்கு என்று ரெம் வரியில் எழுதிவைத்தால், ஓராண்டு கழித்துத் திறப்பவருக்கும் விளங்கும்.

பிறர் அனுப்பும் பேட்ச் கோப்பை ஒருபோதும் படிக்காமல் ஓட்டக் கூடாது. ஜிமெயில் இவ்வகைக் கோப்பை இணைப்பாக அனுப்ப இடந்தருவதில்லை என்பதிலிருந்தே இதன் தீவிரம் விளங்கும். மற்ற நிரல்களைப்போலன்றி இதன் உள்ளடக்கம் முழுதும் எழுத்தாகவே இருப்பது நமக்கு ஒரு பாக்கியம். வலப்புறம் சொடுக்கி 'எடிட்' என்பதைத் தேர்ந்தால் நோட்பேடில் திறக்கும், படித்துப் பார்க்கலாம், புரியாத வரி ஒன்றிருந்தாலும் விலக்கிவிடலாம்.

இந்த ஒழுங்கு கைவந்தபின், வாரத்துக்கு ஒரு முறை தானே நடக்கும்படியும் செய்யலாம். விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்ற பகுதி இருக்கிறது. அதில் 'கிரியேட் பேசிக் டாஸ்க்' என்பதைத் தேர்ந்து, சனிக்கிழமை இரவு ஒன்பது மணி என்று குறித்து, நம் பேட்ச் கோப்பைக் காட்டிவிட்டால் போதும். இதற்கென்று எழுதும் கோப்பில் மூன்று மாறுதல்கள் வேண்டும். பாஸ் வரியை நீக்கிவிடவேண்டும், ஏனெனில் விசையை அழுத்த ஆளில்லாமல் அது அங்கேயே காத்துக் கிடக்கும். கோப்பைக் கணினியிலேயே வைத்து, வெளி வட்டுக்கு நிலையான ஓர் எழுத்தை ஒதுக்கி, 'இஃப் எக்ஸிஸ்ட்' என்ற கட்டளையால் வட்டு செருகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நகலெடுக்கச் சொல்லவேண்டும். ரோபோகாப்பி வரியின் இறுதியில் 'யூனிலாக்' என்ற குறிப்பைச் சேர்த்து ஒரு பதிவுக் கோப்பின் பெயரையும் கொடுத்தால், நடந்தவற்றையெல்லாம் தமிழ்ப் பெயர்கள் சிதையாதபடி அதில் எழுதிவைக்கும். கணினியின் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்கள் செருகியிருக்கும் வட்டையும் விட்டுவைப்பதில்லை. எனவே சனிக்கிழமை மாலையில் வட்டைச் செருகி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பதிவுக் கோப்பைத் திறந்து, கடைசிப் பட்டியலில் 'ஃபெயில்ட்' என்ற தலைப்பின் கீழ் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்து, நகலிலிருந்தே ஒரு பில்லையும் ஒரு புகைப்படத்தையும் திறந்து சரிபார்த்தபின், வட்டைக் கழற்றி வேறோர் அறையில் வைத்துவிடவேண்டும்.